பண்டகசாலையும் பாசறையும்: தேவனாம்பட்டினம் முதல் அம்பாந்தோட்டை வரை

தோற்றுவாய்

மணிமுத்தாற்றங்கரையில் நிமிர்ந்து நிற்கும் விருத்தாசலம் திருக்கோயிலின் மதில் உயரமானது, உறுதி மிக்கது. இறைவன் உலாக்கொள்ளும் திருச்சுற்றைக் காக்க எழுந்த அம்மதில், 1751ஆம் ஆண்டில் வேறொரு பணிக்கு உட்படுத்தப்பட்டது. ஆர்க்காட்டு நவாபுப் பதவிக்காகச் சந்தா சாகிபும் முகமது அலியும் பொருத காலம் அது. சந்தா சாகிபின் வீரர்கள் கோயிலைக் கோட்டையாக்கிக்கொண்டு உள்ளே தங்கியிருந்தனர். முகமது அலிக்குத் துணையாகக் கடற்கரையிலிருந்து புறப்பட்ட ஆங்கிலக் கும்பினிப் படை, கேப்டன் ஜின்ஜன் என்பவன் தலைமையில் வந்து அதனைக் கைப்பற்றித் தன் காவற்படையை உள்ளே நிறுத்தியது. பிறகு மேற்கே வாலிகண்டபுரம் நோக்கி நகர்ந்தது. அவ்வாண்டு சூலைத் திங்களில் படைப்பொருள் கொண்டுவந்த அணியுடன் இராபர்ட் கிளைவும் விருத்தாசலம் வந்து மீண்டான்.

விருத்தாசலத்திலிருந்து கடல் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மங்களூர் வட்டாரமோ அதற்கும் மேற்கே கிடக்கும் மானாவாரி நிலம். அலையோசை கேளாத இவ்வூர்களின் வழியே, கடல் கடந்து துணி வாங்க வந்த ஒரு வணிகக் குழுவின் படை அணிவகுத்துச் செல்ல நேர்ந்தது எவ்வாறு? இவ்வினாவுக்குரிய விடை கடற்கரையில் இருக்கிறது. அது படையெடுப்பில் தொடங்கிய கதையன்று, ஒரு விலைப்பத்திரத்தில் தொடங்கிய கதை.

துறைமுகம், எண்ணெய்க் கிடங்கு, சாலை, மின்நிலையம் ஆகியவற்றை ஒரு நாட்டில் அமைப்பதற்கு அயல்நாட்டார் பணம் இடுவதும், அதனால் அந்நாட்டுக்கும் அதன் அண்டை நாட்டுக்கும் காவல் இடர் நேருமோ என்று அஞ்சுவதும் இன்றைய அரசியலில் அன்றாடப் பேச்சாகிவிட்டன. இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகம் அப்பேச்சின் நடுவில் நிற்கிறது. இவ்வச்சத்தில் எவ்வளவு மெய், எவ்வளவு மிகை என்பதை அறியச் சோழமண்டலக் கடற்கரையின் வரலாறு நல்லதோர் உரைகல்லாக அமையும்.

1. குண்டு விழுந்த எல்லை

1690ஆம் ஆண்டு. செஞ்சிக்கோட்டையில் சிவாசியின் மைந்தர் இராசாராம் இருந்தார். மொகலாயப் பெரும்படை நெருங்கிக்கொண்டிருந்தது. போருக்குப் பணம் வேண்டியிருந்த அவ்வேளையில், கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துச் சிறு கோட்டையை விலைக்குக் கேட்டு வந்தது சென்னையிலிருந்த ஆங்கிலக் கும்பினி. எலிகு யேல் அப்போது அதன் ஆளுநன். விற்பனை முடிந்தது. கோட்டைக்குப் ‘புனித டேவிட் கோட்டை’ எனப் பெயரிடப்பட்டது.

அவ்விற்பனையில் நிலத்தின் எல்லை குறிக்கப்பட்ட முறை நினைவுகூரத்தக்கது. ஆறும் குளமும் மரமும் எல்லையாகச் சொல்லப்படவில்லை. கோட்டையிலிருந்து சுடப்படும் பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு செல்லுமோ அவ்வளவு தொலைவுக்கு உட்பட்ட நிலம் கும்பினிக்கு உரியது என்பதே ஏற்பாடு. விற்றவர் மனத்தில் ஒரு சிறு வட்டம் இருந்திருக்கக்கூடும். வாங்கியவர் அச்சொல்லின் நீளத்தை நன்கு அறிந்திருந்தனர். சென்னையிலிருந்து சிறந்த பீரங்கி ஒன்று கப்பலேறி வந்தது. தேர்ந்த பீரங்கிக்காரர் அதனைத் திசைதோறும் திருப்பி வெடித்தனர். குண்டு விழுந்த இடங்களை இணைத்து எல்லை வகுக்கப்பட்டபோது, கடலூர் நகரமும் சுற்றியிருந்த சிற்றூர்களும் அதனுள் அகப்பட்டிருந்தன. அவ்வூர்களுக்குக் ‘குண்டுக் கிராமங்கள்’ என்னும் பெயர் பின்னரும் நெடுங்காலம் வழங்கியது.

உழுதவரையும் நெய்தவரையும் ஒருவரும் கேட்கவில்லை. ஒருநாள் காலை வெடியோசை கேட்டது. மாலையில் அவர்களுடைய அரசு மாறியிருந்தது.

பண்டகசாலைக்கு மதில் வேண்டும் என்றனர். மதிலுக்குக் காவலர் வேண்டும் என்றனர். காவலர்க்கு ஊதியம் தர வரி வேண்டும் என்றனர். ஒவ்வொரு படியும் முந்தைய படியிலிருந்து இயல்பாக எழுந்தது போலவே தோன்றியது. 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தபோது ஆங்கிலேயர்க்குத் தேவனாம்பட்டினமே தலைமையிடம் ஆயிற்று. 1752 வரை அந்நிலை நீடித்தது. அந்தத் தலைமையிடத்திலிருந்தே 1751இன் படை விருத்தாசலம் நோக்கிப் புறப்பட்டது. விலைப்பத்திரத்துக்கும் கோயில் மதிலுக்கும் இடைப்பட்ட காலம் 61 ஆண்டுகளே.

எனினும் இந்த ஒரு கதையைக் கொண்டே பொதுவிதி வகுத்துவிடலாகாது. 1620இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிசுக்காரர் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினர். 225 ஆண்டுகள் அங்கே இருந்தனர். 1845இல் ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுச் சென்றனர். அவர்களும் கோட்டை கட்டினர், பீரங்கி வைத்தனர். பேரரசாக வளரவில்லை. கோட்டை மட்டும் இடராகிவிடுவதில்லை. அதனைக் கட்டியவனின் வலிமை, இடங்கொடுத்த அரசின் பணமுடை, உடன்படிக்கைச் சொல்லின் நெகிழ்ச்சி ஆகிய மூன்றும் ஒருங்கே கூடும்போதே பண்டகசாலை பாசறையாகிறது. தேவனாம்பட்டினத்தில் மூன்றும் கூடியிருந்தன.

2. கோணமலையின் துறை

அண்டை நாட்டுத் துறைமுகம் ஒன்று தமிழகக் கரையின் ஊழை எவ்வாறு முடிவு செய்யும் என்பதற்கும் சான்று தொலைவில் இல்லை.

சோழமண்டலக் கரையில் இயற்கைத் துறைமுகம் கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று எழுந்தால் பாய்மரப் போர்க்கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நிற்க இயலா. ஒதுங்குவதற்குத் தகுந்த ஆழமும் அணைப்பும் உள்ள துறை எதிர்க்கரையில் இருந்தது, அது திருகோணமலை. ஆகவே இந்தியக் கரையை ஆள நினைத்த ஒவ்வொரு வல்லரசும் அத்துறையின் மீது கண்வைத்தது. 1781 இறுதியில் ஒல்லாந்தரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பறித்த ஆங்கிலேயர், 1782 சனவரியில் திருகோணமலையையும் பிடித்தனர். அவ்வாண்டு ஆகத்தில் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் சுப்ரேன் அதனை அவர்களிடமிருந்து கைப்பற்றினான். மறு ஆண்டு, கடலூரில் இருந்த பிரெஞ்சுப் படையை ஆங்கிலேயர் முற்றுகையிட்டபோது, சுப்ரேனின் கப்பல்கள் திருகோணமலையிலிருந்தே புறப்பட்டு வந்தன; 1783 சூன் 20ஆம் நாள் கடலூருக்கு எதிரே கடற்போர் மூண்டது. கடலூர் மக்கள் தம் வாயிலில் கண்ட போரின் கடிவாளம் எதிர்க்கரையில் இருந்தது. 1795இல் திருகோணமலை மீண்டும் ஆங்கிலேயர் கைக்குச் சென்றது. 162 ஆண்டுகள் அவர்களிடமே இருந்தது.

ஆங்கிலேயர் தம் ஆட்சியின் பிற்பகுதியில் அங்கே பெரும் எண்ணெய்க் கிடங்கு ஒன்றை அமைத்தனர். அவ்விடத்துக்குத் தமிழில் சீனன்குடா என்று பெயர். காட்டுக்குள் வரிசை வரிசையாக எழுப்பப்பட்ட மாபெரும் இரும்புத் தொட்டிகளில் 99 இன்றும் கணக்கில் உள்ளன. 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் சப்பானிய வானூர்திகள் திருகோணமலையைத் தாக்கின. அதற்கு மூன்று நாள் முன்னர் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. சென்னை நகரத்து மக்கள் மூட்டை முடிச்சுகளுடன் உள்நாட்டுக்கு ஓடிவந்த திங்களும் அதுவே. வங்கக்கடலின் இரு கரைகளும் ஒரே போர்க்களத்தின் இரு பக்கங்கள் என்பதை அன்றைய தலைமுறை கண்கூடாகக் கண்டது.

1948இல் இலங்கை விடுதலை பெற்ற பின்னரும், பாதுகாப்பு உடன்பாட்டின்படி ஆங்கிலேயக் கடற்படை திருகோணமலையில் இருந்தது. பண்டாரநாயக்கா தலைமை அமைச்சரான பின், 1957இல் அத்தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. தன் மண்ணில் பிறர் தளம் இருப்பது இழுக்கு என்னும் உணர்வு இலங்கைக்குப் புதிதன்று என்பதற்கு இதுவே சான்று.

1987 சூலை 29ஆம் நாள் கொழும்பில் இந்திய இலங்கை உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஈழத்தமிழர் வாழ்வுரிமையை முன்னிட்டே அவ்வுடன்படிக்கை பெரிதும் பேசப்படுகிறது. அதனோடு இராசீவ் காந்தியும் செயவர்த்தனாவும் மாற்றிக்கொண்ட மடல்கள் அத்துணைப் பேசப்படவில்லை. திருகோணமலையோ இலங்கையின் வேறு துறைமுகமோ இந்திய நலனுக்கு ஊறு விளைக்கும் வகையில் எந்த நாட்டின் படைப் பயன்பாட்டுக்கும் விடப்படமாட்டாது என்பதும், சீனன்குடா எண்ணெய்த் தொட்டிகளை இரு நாடுகளும் கூட்டாகச் சீரமைக்கும் என்பதும் அம்மடல்களின் சாரம். வடக்கிலும் கிழக்கிலும் தமிழர் குருதி சிந்திய காலத்தில், அவர்கள் பெயரால் எழுதப்பட்ட ஓர் உடன்படிக்கையின் இணைப்பில் துறைமுகமும் எண்ணெயும் இடம்பெற்றன. இதில் வியப்பில்லை, அரசுகளின் இயல்பு அது. ஆனால் எண்ணெய்த் தொட்டிகள் இந்தியன் ஆயில் நிறுவனத்தின் கிளைக்குக் குத்தகையாக 2003 ஆயிற்று. கூட்டு வளர்ச்சிக்கான தெளிவான உடன்பாடு அமைய 2022 சனவரி வரை காத்திருக்க நேர்ந்தது. அவ்வுடன்பாட்டின்படி 14 தொட்டிகள் அந்நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெட்ரோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கும் பிரிந்தன. மடலில் எழுதிய சொல் மண்ணில் வேர்கொள்ள 34 ஆண்டுகள் ஆயின.

3. தொண்ணூற்றொன்பது ஆண்டு

நெடுங்குத்தகைக்கு 99 ஆண்டு என்னும் கணக்கு பழைய உலகில் பல இடங்களில் தலைகாட்டுகிறது. எகிப்தில் சூயசுக் கால்வாயை நடத்தும் உரிமை, அது திறக்கப்பட்ட 1869இலிருந்து 99 ஆண்டுகளுக்கு ஓர் அயல்நாட்டுக் குழுமத்திடம் வழங்கப்பட்டது. எகிப்து மன்னர் கடனில் மூழ்கினார். 1875இல் தம் பங்குகளை ஆங்கில அரசுக்கு 40 இலட்சம் பவுனுக்கு விற்றார். மறு ஆண்டு எகிப்தின் வருவாயைக் கண்காணிக்கக் கடன் கொடுத்தோரின் ஆணையம் வந்து அமர்ந்தது. 1882இல் ஆங்கிலப் படை வந்து இறங்கியது. கடன், பங்கு, கண்காணிப்பு, படை என்னும் நான்கு படிகளும் 13 ஆண்டுகளில் ஏறப்பட்டன. அந்தப் படையை முற்றிலும் வெளியேற்ற எகிப்துக்கு 1956 வரை ஆயிற்று.

1898இல் சீனம் இதே கணக்கில் சிக்கியது. கியாவ்சௌ விரிகுடாவைச் செருமனியும், குவாங்சௌவானைப் பிரான்சும், ஆங்காங்கின் புதிய ஆட்சிப்பகுதிகளை இங்கிலாந்தும் 99 ஆண்டுக் குத்தகையாகச் சீனத்தை நெருக்கி வாங்கிக்கொண்டன. ஆங்காங்கு 1997இல் திரும்பி வந்த நாளில் சீன மக்கள் ஆர்ப்பரித்தனர். அந்த எண் எத்துணைக் கசப்பானது என்பதைச் சீனத்தைவிட நன்கறிந்த நாடு இல்லை. அடுத்த 20 ஆண்டுகளில் அதே எண் அம்பாந்தோட்டையில் எழுதப்பட்டது.

4. அம்பாந்தோட்டையும் மும்மொழிக் கல்லும்

இலங்கையின் தென்கரைக்குச் சீனக் கப்பல்கள் வருவது இது முதன்முறையன்று. 1911இல் காலி நகரில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு ஒன்று கொழும்பு அருங்காட்சியகத்தில் உள்ளது. சீனக் கடற்படைத் தலைவன் செங் கோ நாட்டுவித்த கல் அது; 1409ஆம் ஆண்டினது. சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளில் அது பொறிக்கப்பட்டுள்ளது. சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைக் கூறுகின்றன. இந்தியப் பெருங்கடல் வணிகத்தில் தமிழுக்கு இருந்த இடத்தை அக்கல் காட்டுகிறது எனத் தமிழறிஞர் பெருமிதம் கொள்வது முறையே. ஆனால் கதை கல்லோடு முடியவில்லை. அக்கல் எழுந்த சில ஆண்டுகளுக்குள் அதே செங் கோ இலங்கையில் போரிட்டு, அழகேசுவரன் என்னும் ஆட்சியாளனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றான். காணிக்கை தந்த கப்பலிலேயே படைவீரரும் இருந்தனர்.

அம்பாந்தோட்டையில் புதிய துறைமுகப் பணி 2008 சனவரியில் தொடங்கியது. முதற்கட்டத்துக்குச் சீன ஏற்றுமதி இறக்குமதி வங்கி 30.7 கோடி டாலர் கடன் தந்தது, வட்டி 6.3 விழுக்காடு. கட்டியவையும் சீன நிறுவனங்களே. 2010 நவம்பரில் துறைமுகம் திறக்கப்பட்டது. கிழக்கு மேற்குப் பெருங்கடல் வழி அதற்குச் சில கடல்மைல் தெற்கே செல்கிறது. ஆயினும் எதிர்பார்த்த அளவு கப்பல்கள் உள்ளே வரவில்லை. 2017 சூலை 29ஆம் நாள், சைனா மெர்ச்சன்ட்சு என்னும் நிறுவனத்துக்கு 99 ஆண்டுக் குத்தகை எழுதப்பட்டது. தொகை 112 கோடி டாலர். 1987 உடன்படிக்கை கையெழுத்தான அதே நாள். சரியாக 30 ஆண்டுகள் கழிந்திருந்தன.

இவ்விடத்தில் ஒரு திருத்தம் இன்றியமையாதது. கடனைக் கட்ட முடியாமல் இலங்கை துறைமுகத்தையே சீனத்துக்குக் கடனுக்கு ஈடாகக் கொடுத்துவிட்டது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. நடந்தது அதுவன்று. துறைமுகக் கடன் தள்ளுபடி ஆகவில்லை. இலங்கை அரசின் பெயரில் அது தொடர்ந்தது. குத்தகையாக வந்த டாலர், குன்றியிருந்த அயற்செலாவணி இருப்பை நிரப்பச் சென்றது. அந்த முடைக்குப் பெருங்காரணம், பன்னாட்டுச் சந்தையில் பத்திரம் விற்று உயர்ந்த வட்டிக்கு வாங்கிய கடன். 2022 ஏப்பிரலில் இலங்கை தன் அயற்கடனைத் திருப்பித் தர இயலாது என அறிவித்தபோதும் அப்பத்திரக் கடனே பெரும்பங்காக இருந்தது. ஆகவே சீனம் வலைவிரித்துப் பிடித்தது என்னும் எளிய கதையைவிட, மெய்க்கதை கூடுதலாக அஞ்சத்தக்கது. 1690இன் செஞ்சியைப் போலவே, 1875இன் எகிப்தைப் போலவே, பணமுடையில் தவித்த ஓர் அரசு தானே வாங்குபவனைத் தேடியது.

5. கப்பல் எங்கே வந்து நின்றது?

முதலீடு காவல் இடராக மாறும் இடம் யாது? நிலத்தின் உரிமையை விடக் கூர்ந்து நோக்க வேண்டியது, எந்தக் கப்பல் உள்ளே வரலாம் என முடிவு செய்பவர் யார் என்பதே.

2014 செப்டம்பரிலும் அக்டோபர் இறுதியிலும் சீனக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் இலங்கைக்கு வந்தது. எல்லோரும் அம்பாந்தோட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது கொழும்பில் வந்து நின்றது. அங்கும் சீன நிறுவனம் 85 விழுக்காடு பங்கு கொண்டு நடத்தும் கொள்கலன் முனையத்திலேயே நின்றது. தென்னிந்தியத் துறைமுகங்களுக்குச் செல்லும் சரக்கில் பெரும்பகுதி கொழும்பில் கப்பல் மாறுகிறது. ஆதலால் தில்லியில் கவலை எழுந்தது. 2017இல் அத்தகைய வேண்டுகோள் மீண்டும் வந்தபோது இலங்கை இணங்கவில்லை.

2022 ஆகத்து 16ஆம் நாள் ‘யுவான் வாங் 5’ என்னும் கப்பல் அம்பாந்தோட்டைக்கு வந்தது. செயற்கைக்கோள்களையும் ஏவுகணைகளையும் தொலைவிலிருந்தே தொடர்ந்து கண்காணிக்கும் கருவிகள் பூண்ட கப்பல் அது. குலசேகரப்பட்டினமும் கூடங்குளமும் கல்பாக்கமும் சிரீகரிகோட்டாவும் வரிசையாக அமைந்த கரைக்கு எதிரே அத்தகைய கப்பல் வருவது பற்றி இந்தியா கவலை தெரிவித்தது. இலங்கை முதலில் வருகையைத் தள்ளிவைக்கக் கேட்டது. பிறகு, தன் கடலெல்லைக்குள் ஆய்வு நடத்தக்கூடாது என்னும் நிபந்தனையுடன் இசைந்தது. கப்பல் ஆறு நாள் நின்று சென்றது. குத்தகைப் பத்திரப்படி துறைமுகக் காவல் இலங்கைக் கடற்படையின் பொறுப்பு. பத்திரம் மீறப்படவில்லை. ஆனால் அதே ஆண்டில் உணவுக்கும் எரிபொருளுக்கும் இந்தியாவிடம் உதவியும், கடன் சீரமைப்புக்குச் சீனத்திடம் இசைவும் வேண்டி நின்ற ஓர் அரசு, இருவரில் எவருக்கு மறுப்புச் சொல்ல இயலும்? எழுத்தில் உள்ள உரிமை வேறு. அவ்வுரிமையைச் செலுத்தும் வலிமை வேறு. முதலீட்டால் விளையும் இடர் இவ்விரண்டின் இடைவெளியில் குடிகொண்டுள்ளது.

பின்னர் 2024 முழுமைக்கும் அயல்நாட்டு ஆய்வுக் கப்பல்கள் அனைத்துக்கும் இலங்கை தடை விதித்தது. ஒரு நாட்டின் பெயரைச் சொல்லாமல் எல்லோரையும் தடுத்தது சிறிய நாட்டின் சாதுரியம். 2024 திசம்பரில் தில்லி வந்த குடியரசுத் தலைவர் அநுர குமார திசாநாயக்க, இந்தியாவின் காவலுக்கு ஊறு செய்ய இலங்கை மண்ணை விடமாட்டோம் என்று உறுதி கூறினார். 2025 ஏப்பிரல் 5ஆம் நாள் பாதுகாப்பு ஒத்துழைப்புக் குறிப்பாணை கையெழுத்தாயிற்று. 1987இன் உடன்படிக்கையை ஆயுதமேந்தி எதிர்த்த இயக்கம் அவருடைய கட்சி. அம்மடல்களின் சாரத்தையே அவர் தம் வாயால் மொழிந்தார் என்பது வரலாற்றின் விந்தை.

6. தீவக மக்களும் சம்பூர் மக்களும்

யாழ்ப்பாணத்தை அடுத்த நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியவை தமிழர் வாழும் சிறு தீவுகள். இராமேசுவரத்திலிருந்து பார்த்தால் கொழும்பைவிட மிக அண்மையில் உள்ளவை. அங்குக் காற்றும் கதிரவனும் கொண்டு மின்சாரம் எடுக்கும் பணி, ஆசிய வளர்ச்சி வங்கியின் நிதியில், 2021 சனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டது. இந்தியா மறுப்புத் தெரிவித்தது. அவ்வாண்டு இறுதியில் அந்நிறுவனம் பணியை நிறுத்தியது. 2022 மார்ச்சில் இந்திய நல்கையுடன் அதே திட்டத்தை நிறைவேற்ற உடன்பாடு ஆயிற்று. தில்லி, கொழும்பு, பெய்சிங்கு ஆகிய மூன்று தலைநகரங்களும் அத்தீவுகளின் பெயரை உச்சரித்தன. படகை நம்பி வாழும் தீவகத்தாருக்கோ விளக்கு எரிய வேண்டும் என்பதே தேவை. இக்கரையின் கவலை மெய்யானதுதான். எனினும் தடுக்க மட்டும் கற்ற அண்டை நாடு, தடுத்ததற்கு ஈடாகக் காலத்தில் கொடுக்கவும் கற்க வேண்டும். இல்லையேல் இருட்டில் இருக்கும் மக்கள் தடுத்தவனையே நினைவில் வைப்பர்.

சம்பூரின் கதை இன்னும் கூர்மையானது. திருகோணமலைத் துறையின் தென்கரையில் உள்ள அவ்வூர் மக்கள் 2006இல் போரினால் பெயர்க்கப்பட்டனர். அவர்கள் முகாம்களில் கிடந்த காலத்தில், இந்திய அரசு நிறுவனமும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து அமைக்கவிருந்த அனல்மின் நிலையத்துக்கு அங்கே நிலம் குறிக்கப்பட்டது. ஆண்டுக்கணக்கில் ஊர் திரும்ப இயலாமல் தவித்த அம்மக்களின் மீள்குடியேற்றம் 2015இல் தொடங்கியது. 2016இல் அனல்மின் திட்டம் கைவிடப்பட்டது. அவ்விடத்தில் கதிரவன் ஒளியால் இயங்கும் மின்நிலையத்துக்கு 2025 ஏப்பிரலில் தொடக்க விழா நடந்தது. 1690இல் குண்டு விழுந்த ஊர்களின் மக்களைக் கேளாதது போலவே சம்பூர் மக்களையும் கேளாமல் கோடு கிழிக்கப்பட்டது. இம்முறை கோடு கிழித்தவருள் இந்தியாவும் ஒன்று.

இதனை ஒப்புக்கொள்வது இந்நாட்டின் காவலுக்குக் கேடன்று, நன்மையே. அண்டை நாட்டார்க்கு இந்தியாவும் ஓர் அண்டை நாடு. அளவில் பெரிய அண்டை நாடு. கொழும்புத் துறைமுகத்தின் கிழக்கு முனையத்தை இந்தியா, சப்பான், இலங்கை ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்த 2019இல் எழுதப்பட்ட இசைவு, துறைமுகத் தொழிலாளரின் எதிர்ப்பால் 2021 பிப்பிரவரியில் கைவிடப்பட்டது. சீனத்தின் பணத்தை இந்தியர் எந்தக் கண்ணால் நோக்குகின்றனரோ, அந்தக் கண்ணாலேயே இந்தியாவின் பணத்தை இலங்கையர் பலர் நோக்குகின்றனர்.

நிறைவுரை

தேவனாம்பட்டினத்திலிருந்து அம்பாந்தோட்டை வரை கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால் சில உண்மைகள் புலப்படும். அயல்நாட்டார் பணம் அனைத்தும் படையை அழைத்து வருவதில்லை. தரங்கம்பாடி அதற்குச் சான்று. பணமுடையில் தவிக்கும் அரசு எழுதும் பத்திரம் அதன் மக்களுக்கும் அண்டையாருக்கும் சேர்த்தே எழுதப்படுகிறது. செஞ்சியும் எகிப்தும் அதற்குச் சான்று. எழுதிய பத்திரத்தைத் திருத்தவும் இயலும். மியான்மர் அரசு கியாவ்பியூ ஆழ்கடல் துறைமுகத்தின் செலவு 700 கோடி டாலருக்கு மேல் போகும் என அஞ்சி, 2018இல் அதனை 130 கோடி டாலர் அளவுள்ள முதற்கட்டமாகச் சுருக்கியது. கொழும்புத் துறைமுக நகரில் சீன நிறுவனத்துக்கு முழு உடைமையாக எழுதப்பட்டிருந்த 20 எக்டேர் நிலம், பின்னர் குத்தகையாக மாற்றப்பட்டது. மறுபேச்சு பேசத் துணிந்த சிறு நாடுகள் வெறுங்கையுடன் திரும்பவில்லை.

ஆதலால் இந்தியாவுக்குச் சிறந்த அரண், கடன் சுமையால் நிலை குலையாத அண்டை நாடே. திருக்குறளில் நாட்டைப் பற்றிய அதிகாரம் முன்னும் அரணைப் பற்றிய அதிகாரம் அதனை ஒட்டிப் பின்னும் நிற்கும் வைப்புமுறை ஈண்டு எண்ணத்தக்கது. நாடு வளமாக இருந்தால் அரண் நிற்கும். 2022இன் நெருக்கடியில் இந்தியா ஏறத்தாழ 400 கோடி டாலர் அளவுக்கு இலங்கைக்குக் கைகொடுத்தது. போர்க்கப்பல்கள் பெற்றுத்தராத நல்லெண்ணத்தை அவ்வுதவி பெற்றுத் தந்தது.

‘குண்டு செல்லும் தொலைவு’, ‘ஊறு விளைக்கும் வகையில்’, ‘99 ஆண்டு’ ஆகியவை மூன்று நூற்றாண்டுகளில் மூன்று பத்திரங்களில் இடம்பெற்ற தொடர்கள். ஒவ்வொன்றும் எழுதப்பட்ட நாளில் சிறிதாகத் தோன்றியது. அதன் நீளத்தை ஒரு தரப்பு மட்டும் அளந்து வைத்திருந்தது. சொல்லின் நிறையும் நீளமும் அறிந்து கையாளுதல் புலவர்க்கு மட்டும் உரிய கலையன்று. நாடாள்வோர்க்கும் உரியது, அவர்களைத் தேர்ந்தெடுக்கும் மக்களுக்கும் உரியது. விருத்தாசலம் கோயில் மதில் இன்று வழிபாட்டுக்கே திரும்பிவிட்டது. அதனருகே நடப்பவர், ஒருகால் அதற்குள் அயலார் படை தங்கியிருந்ததையும், அப்படைக்கு வழிதிறந்தது கடற்கரையில் அளக்காமல் விடப்பட்ட ஒரு சொல் என்பதையும் நினைவில் கொள்வாராக.